ஜமீன் வீட்டு வண்டி என்று சொன்னால் மட்டும் போதாது: பழைய ஓப்பன் காரை விற்கப் போகிறவர்களுக்கு

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பெரியப்பா வீட்டு நெல் குடோனில் 1954 மாடல் மோரிஸ் மைனர் ஒன்று நின்றது. மேல் டாப்பை மடக்கித் திறக்கிற வண்டி, ஊரில் அதற்கு ‘ஓப்பன் கார்’ என்றுதான் பேர். முதலில் விக்கிரமசிங்கபுரம் பக்கம் மில்லில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரரிடம் இருந்தது, அவர் சீமைக்குத் திரும்பும்போது ஒரு ஜமீன் குடும்பம் வாங்கியது, அங்கிருந்து பாளையங்கோட்டையில் ஒரு டாக்டருக்குப் போய், அவரிடமிருந்து பெரியப்பா கைக்கு வந்தது. பெரியப்பா தவறிய பிறகு அதை விற்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. முழுசாக எட்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு “அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் ஒரு பழைய வண்டி கெடக்கு, என்ன செய்யலாம்?” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன். இதில் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். இந்த மாதிரி வண்டியில் பாதி சொத்து தகரத்தில் இருக்கிறது, மீதிப் பாதி அதை யார் யார் வைத்திருந்தார்கள் என்கிற விவரத்தில் இருக்கிறது. தகரத்தை எந்த டிங்கரும் சரி செய்துவிடுவார். விவரம் தொலைந்தால் தொலைந்ததுதான்.

முதலில், கையை வைக்காதீர்கள்

விற்கப் போகிறோம் என்று முடிவானதும் எல்லாரும் செய்கிற முதல் காரியம், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் டிங்கரிங் பட்டறையில் விட்டு, பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடிப்பது. தயவுசெய்து வேண்டாம். பழைய பெயின்ட், பழைய சீட் துணி, தேய்ந்த பெடல் எல்லாமே வாங்குகிறவருக்குச் சாட்சி. அமெரிக்காவில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஒரு படத்துக்காக ஓட்டிய ஃபோர்டு மஸ்டாங் ஒன்று, 1974லிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. அதைத் தனக்கு விற்கும்படி மெக்வீனே 1977ல் கேட்டு எழுதிய கடிதத்தையும் அந்தக் குடும்பம் பத்திரமாக வைத்திருந்தது. புதுப்பிக்காமல், துருவும் கீறலுமாக அப்படியே 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்து 34 லட்சம் டாலருக்குப் போனது. நம் வண்டி அந்த உயரத்துக்குப் போகாது, ஆனால் விஷயம் ஒன்றுதான்.

எங்கள் வண்டியில் தரை மேட்டுக்குப் பதிலாகப் பத்தமடைப் பாய் வெட்டிப் போட்டிருந்தது. எலி கடித்து, பாதி மக்கிப்போன கோரைப்பாய். எடுத்து எறியப் போனவன் கையை நிறுத்தி, மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மடித்த ஒரு பெட்ரோல் பங்க் பில் தகரத்தோடு ஒட்டிக்கிடந்தது. பர்மா ஷெல் சின்னம், வண்டி நம்பர், தேதி, டாக்டர் பேர், எல்லாம் மங்கலாக. பர்மா ஷெல் 1976ல் அரசுக் கம்பெனியாகி, பிறகு பாரத் பெட்ரோலியம் ஆகிவிட்டது, அதனால் தேதி அழிந்திருந்தாலும் அதற்கு முந்தின பில் என்று தெரிந்திருக்கும். அந்த ஒரு துண்டுக் காகிதத்தால் டாக்டர் கையில் வண்டி ஓடியது நிரூபணமானது.

ஆகவே எதையும் அசைக்கும் முன் நின்ற இடத்திலேயே போட்டோ எடுங்கள், நாலு பக்கமும், அடியிலும், டிக்கிக்குள்ளும், மீட்டரில் காட்டுகிற மைலும். தூசியோடு எடுங்கள். அப்புறம் சீட்டுக்கு அடி, கதவு உறைக்குள், ஸ்டெப்னி வைக்கிற பள்ளம், டூல் பை எல்லாவற்றையும் நிதானமாகத் துழாவுங்கள்.

இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசை வரும். பல வருடம் நின்ற வண்டி என்றால் பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, ஹேண்டிலால் கையில் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது, சுற்றாவிட்டால் மெக்கானிக் வரட்டும். டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள்.

டாப் விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் மடக்கியே கிடந்த கான்வாஸை ஒரே இழுப்பில் விரித்தேன், மடிப்பில் சர்ரென்று ஒரு முழம் கிழிந்துவிட்டது. நம் ஊர்ச் சூட்டில் அது அப்பளமாகக் காய்ந்திருக்கும். இளவெயிலில் வண்டியை நிறுத்தி, துணி இளகிய பிறகு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, விரல் விரலாக விரிக்க வேண்டும். விரித்த பிறகு விற்கும் வரை விரித்தே வையுங்கள், இல்லாவிட்டால் துணி சுருங்கிப்போய் முன் கண்ணாடிச் சட்டத்தோடு கொக்கி எட்டாது. ஈரத்தோடு மடக்கவே கூடாது.

வண்டி சட்டப்படி யாருடையது

குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும் இது யார் வண்டி என்று. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். எங்களிடம் பெரியப்பா பேரில் இருந்தது, அது பெரிய நிம்மதி. சில வீடுகளில் தாத்தா பேரிலேயே நிற்கும், இன்னும் சில வீடுகளில் விற்றவர் பேரிலேயே நிற்கும், பேர் மாற்றியே இருக்க மாட்டார்கள்.

உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பேருக்கு மாற்றுவதற்கு பாரம் 31. இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீசில் வாங்குகிற வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். அத்தை, சித்தி, வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி, யாரையும் விடாதீர்கள். அட்வான்ஸ் வாங்கின பிறகு ஒரு அத்தை “எனக்குத் தெரியாம எப்படிடே விப்ப?” என்று கேட்டால் பதில் இருக்காது, அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

இன்னொன்று. இப்போதைய டி.என். 72, டி.என். 76 மாதிரி நம்பர்கள் வருவதற்கு ரொம்ப முன்னால், எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் நம்பரில் பதிவான வண்டிகளின் விவரம் கையால் எழுதின ரிஜிஸ்டரில் இருக்கும். அரசின் வாகன் இணையத்தில் ஏறியிருக்காது. நம்பரைப் போட்டுப் பாருங்கள், வரவில்லை என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். இதற்கு மட்டுமே எனக்கு இரண்டரை மாதம் போனது. ஆள் வந்த பிறகு இதைத் தொடங்கினால் ஆள் போய்விடுவார், அதனால் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

கதைக்குக் காகிதம்

இதுதான் முக்கியமான வேலை. ஒரு நோட்டை எடுத்து மூன்று பகுதியாகப் பிரியுங்கள். கையில் காகிதம் உள்ளது ஒரு பகுதி. நேரில் பார்த்த ஆள் உயிரோடு இருந்து சொல்கிறது இரண்டாவது. வீட்டில் சொல்லக் கேட்டது மூன்றாவது. மூன்றையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

முதல் பகுதிக்கு வண்டியே நிறையத் தரும். இன்ஜின் பக்கத்தில் உள்ள தகட்டில் சேசிஸ் நம்பர் இருக்கும். 1950களின் நடுவில் வந்த மோரிஸ் மைனர்களில் நம்பருக்கு முன்னால் சில எழுத்துகள் வரும், முதல் எழுத்து எஃப் என்றால் மைனர், இரண்டாவது எழுத்து சி என்றால் டாப் திறக்கிற பாடி. பி என்றால் இரண்டு கதவு சலூன், அதாவது மேலே இரும்புக் கூரை உள்ள சாதாரண கார். இது ஏன் முக்கியம் என்றால், சலூனின் கூரையை அறுத்து ஓப்பன் காராக்கி விற்கிற ஆட்கள் உலகம் முழுக்க உண்டு. கம்பெனியே டாப் திறக்கிற மாதிரி செய்த வண்டியில் கூரை இல்லாத பலவீனத்துக்காகத் தரைச் சட்டத்திலும் கதவுத் தூண் பக்கத்திலும் கூடுதலாக இரும்பு கொடுத்திருப்பார்கள். அறுத்த வண்டியில் அது இருக்காது, ஓட ஓட நடுவில் தொய்யும். தகட்டையும் அந்தக் கூடுதல் இரும்பையும் தெளிவாகப் போட்டோ எடுத்து வைத்துவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பென்சில் பிரிண்ட்டும் எடுத்து வையுங்கள்.

இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. மோரிஸ், ஆஸ்டின் மாதிரிக் கம்பெனிகளின் பழைய தயாரிப்புப் பதிவேடுகள் அவர்களிடம் உள்ளன. சேசிஸ் நம்பரை அனுப்பிக் கட்டணம் கட்டினால், பதிவேட்டில் இருக்கிற விவரத்தை ஹெரிடேஜ் சர்டிபிகேட்டாகக் கொடுப்பார்கள். எந்தத் தேதியில் செய்தது, என்ன நிறம், எந்த இன்ஜின் நம்பர், எங்கே அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். செலவைப் பார்க்காதீர்கள்.

அப்புறம் பழைய ஆர்.சி. புத்தகத்தின் பேர் மாற்றப் பக்கங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், எந்த ஆபீஸ் முத்திரை என்று வரிசையாக இருந்தால் அதைவிடப் பெரிய சரித்திரம் எதுவும் வேண்டாம். இன்ஷூரன்ஸ் ரசீது, வரி வில்லை, ஒர்க்ஷாப் பில், டயர் பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது பகுதிக்கு ஆளைத் தேடி நடக்க வேண்டும். டாக்டரிடம் டிரைவராக இருந்தவர் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. செல்போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன், தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வண்டிக் கதவு சாத்துகிற சத்தத்தை ரெக்கார்ட் செய்து வைத்திருந்தேன், அதைப் போட்டேன். “வலது கைக் கதவு, ரெண்டாந் தடவதான் பிடிக்கும், மொதல்ல லேசாத் தூக்கணும்வே” என்றார். அப்படித்தான் பிடிக்கும் அந்தக் கதவு. அவர் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, வீடியோவும் எடுத்தேன். இந்த மாதிரி ஆட்களைப் பார்ப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். நான் தேடிய இன்னொருவர் வீட்டுக்குப் போனபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

மூன்றாவது பகுதிதான் ஆபத்து. 1957 தேர்தலில் ஒரு பெரிய தலைவர் இந்த வண்டியில் நின்றுகொண்டே கும்பிட்டபடி ஊர்வலம் போனார் என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்வார்கள். போட்டோவும் உண்டு, கூடத்தில் மாட்டியிருக்கும். விற்கும்போது அதைத்தான் முதலில் காட்டலாம் என்று எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தலைவர் அவரேதான், வண்டியும் மோரிஸ் மைனர்தான், ஓப்பன் கார்தான். ஆனால் ஹெட்லைட் இரண்டும் கிரில்லுக்குள் தாழ்வாக இருந்தன. மைனரின் ஆரம்ப மாடல்களில்தான் அப்படி, 1950களின் தொடக்கத்திலேயே ஹெட்லைட் மட்கார்டு மேலே ஏறிவிட்டது. எங்கள் 1954 வண்டியில் மேலேதான் இருக்கிறது. படத்தில் இருப்பது வேறு வண்டி. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பெரியம்மாவிடம் சொல்லவும் மனசு வரவில்லை. ஆனால் வாங்க வந்தவரிடம் படத்தையும் லென்ஸையும் கையில் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மற்ற காகிதங்களை எடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றைக்கூட அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஜமீன் வீட்டு விஷயமும் அப்படித்தான். நம் பக்கத்தில் சிங்கம்பட்டி, ஊற்றுமலை, எட்டயபுரம் என்று ஜமீன்கள் இருந்ததால் எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் ஜமீன் வண்டி என்று சொல்லிவிடுவார்கள். ஆர்.சி.யில் பேர் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தாரிடம் போய், மரியாதையாகக் கேட்டு, அவர்கள் ஆல்பத்தில் நம்பர் பிளேட் தெரிகிற படம் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தைப் பயன்படுத்த அவர்கள் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வின்டேஜ் பதிவு வேண்டுமா

2021 ஜூலையில் மத்திய அரசு இதற்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி அந்தப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், இது மிக நல்ல விஷயம், ஏனென்றால் பழைய போட்டோவையும் வண்டியையும் சேர்த்துக் கட்டுவது அந்த நம்பர்தான். ஆனால் வின்டேஜாகப் பதிந்தால் தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று போய்வரலாம், அவ்வளவுதான். வாங்குகிறவர் சாரல் சீசனில் டாப்பைத் திறந்துவிட்டுக் குற்றாலம் போக ஆசைப்படுகிறவராக இருந்தால் அவருக்கு இது பிடிக்காது. ஆகவே ஆர்.சி. உயிரோடு இருந்தால் இந்த முடிவை வாங்குகிறவருக்கே விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம். வின்டேஜாகப் பதிந்த வண்டியை விற்றால், விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் அவரவர் மாநிலப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

குறையை நீங்களே சொல்லுங்கள்

விவரம் தெரிந்தவர் வந்தால் முதலில் குனிந்து கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டைத்தான் தட்டுவார். டொக் என்றால் பட்டி, டிங் என்றால் இரும்பு. அடுத்து ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கிக் கதவைத் திறந்து சாத்திப் பார்ப்பார். ஓப்பன் காரில் நடு எலும்பு போயிருந்தால் கதவு இறுகிவிடும். நீங்களே முன்கூட்டி இதைச் செய்து வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம் ஜில்லாவில் வண்டி என்றாலே இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி, 2023 டிசம்பர் மழையில் எங்கே நின்றது என்பது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த இரண்டு நாளில் தாமிரபரணிக் கரையில் எத்தனை வண்டி முங்கியது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் குடோனுக்குள் தண்ணீர் டயர் பாதி வரை வந்தது. சுவரில் அந்தக் கறை இருக்கிறது, கறையையும் வண்டியையும் சேர்த்தே போட்டோ எடுத்துக் கொடுத்தேன். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்றைப் பற்றிக் கேட்பார்கள், அடித்தகட்டை நன்றாகக் காட்டுங்கள். இன்ஜின் மாறியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள், சர்டிபிகேட்டில் உள்ள நம்பரோடு ஒத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விலை, ஆள், பணம்

விலையை ஒரே ஆளிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நம் ஊரில் பழைய இரும்புக் கணக்குப் போட்டுக் கேட்கிறவரும் வருவார், டி.வி.யில் ஏலம் பார்த்துவிட்டு வீட்டார் கனவு காண்பதும் நடக்கும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது, அதில் உள்ளவர்கள் இந்த வண்டிகளோடு வாழ்கிறவர்கள், போட்டோவும் காகிதமும் சரியாக இருந்தால் மதித்துப் பேசுவார்கள். கோயம்புத்தூர் போனால் ஜி.டி. நாயுடு பேரில் உள்ள கார் மியூசியத்தை ஒரு முறை பாருங்கள், ஒரு வண்டியை அதன் விவரத்தோடு எப்படி வைக்க வேண்டும் என்பது புரியும். அஸ்டாகுரு மாதிரி ஏல நிறுவனங்கள் 2020லிருந்து பழைய கார்களையும் இணையத்தில் ஏலம் விடுகின்றன. ஏலம் என்றால் கமிஷன் எவ்வளவு, விற்காவிட்டால் செலவு யாருக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வெளிநாட்டு ஆள் கேட்டால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள், 1950க்கு முன் தயாரான கார்களை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு.

பணத்தில் மூன்று விஷயம். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது, வங்கி வழியாகவே வரட்டும். வெறும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுக்கவே கூடாது. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்றாவது வரி. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் லாபத்துக்கு வரி இல்லை என்பது பொது விதி. ஆனால் 1931 மாடல் ஃபோர்டு டூரர் ஒன்றை 1983ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பிறகு 21 லட்சத்துக்கு விற்ற ஒருவரின் வழக்கில், சொந்தமாக ஓட்டியதற்கு ஆதாரம் காட்டவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025ல் வரி உண்டு என்றது. ஓட்டின பில், பராமரித்த பில் இருந்தால் ஆடிட்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பேர் மாற்ற பாரம் 29, பாரம் 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்குகிறவர் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளாக்காரர் என்றால் பாரம் 28ல் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். டெலிவரி அன்றைக்குத் தேதி மட்டுமின்றி நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அனுப்பி வைக்கிற அன்று

காகிதக் கட்டின் அசலை வண்டியோடு கொடுத்துவிடுங்கள், ஸ்கேன் நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நிறையப் பேர் எனக்கு மாறாக நினைப்பார்கள், ஆனால் வண்டி ஒரு ஊரிலும் அதன் விவரம் இன்னொரு ஊர்ப் பீரோவிலும் இருந்தால் இரண்டுக்குமே மதிப்பில்லை. நான் அந்தப் பர்மா ஷெல் பில், ஆர்.சி., டிரைவர் கையெழுத்திட்ட தாள், ஹெரிடேஜ் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, பொருள் பொருளாகப் பட்டியல் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். தலைவர் படத்தின் நகலும் அதில் இருந்தது, ‘இந்த வண்டி அல்ல’ என்று பின்னால் எழுதி.

வண்டியை மூடின கன்டெய்னர் லாரியில் ஏற்றுங்கள். டாப் விரித்து, கொக்கி மாட்டி, பேட்டரி வயரைக் கழற்றி, டேங்கில் கொஞ்சம் மட்டும் பெட்ரோல் விட்டு, சக்கரத்தில் பெல்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், பம்பரில் கயிறு கட்டினால் வளைந்துவிடும். சாவி, டூல் பை, ஹேண்டில், ஸ்டெப்னி, கழற்றி வைத்த பத்தமடைப் பாய்த் துண்டு எல்லாம் பட்டியலில் டிக் போட்டுவிட்டு ஏற்றினோம். அதோடு முடிந்தது என்று இருந்துவிடாமல், வாரம் ஒரு முறை வாகன் இணையத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வண்டிக்கு நாற்பத்தோராம் நாள் பேர் மாறியது. அது வரைக்கும் இன்ஷூரன்ஸை நான் நிறுத்தவில்லை.